கண் திறக்கும் முன் வரும் காசு

கொலுப் பொம்மை வாங்க வருகிறவர்கள் முதலில் முகத்தைப் பார்க்கிறார்கள். முகம் லட்சணமாக இருந்தால் விலையைக் கேட்கிறார்கள். நான் பொம்மையைக் கையில் எடுத்ததும் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன். முகத்தில் வண்ணம் இருக்கிறது, நகை இருக்கிறது, ஜிகினா இருக்கிறது. அடியை யாரும் மெனக்கெட்டு அலங்கரிப்பதில்லை. அடி செங்கல் நிறத்தில் இருந்தால் சுட்ட களிமண். வெள்ளைவெளேரென்று இருந்து, விரலால் தேய்த்தால் மாவு ஒட்டிக்கொண்டால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கைக்குக் கனமே தெரியாமல், தட்டினால் அட்டைப் பெட்டியைத் தட்டிய சத்தம் கேட்டால் காகிதக்கூழ். மூன்றையும் நான் விற்கிறேன். எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குங்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

களிமண் பொம்மையின் அடியில் ஒரு துளை இருக்கும். பொம்மை உள்ளே வெறும் கூடு. முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. இரண்டிலும் மண்ணைத் தட்டி அழுத்தி, ஈரம் காய்வதற்குள் சேர்த்து ஒட்டுவார்கள். துளை விடாமல் சூளையில் அடுக்கினால் உள்ளே சேர்ந்த நீராவி வெளியேற வழியில்லாமல் பொம்மை வெடித்துவிடும். பக்கத்தில் இருப்பதையும் உடைத்துவிடும். அந்தத் துளைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மண்ணை அச்சில் அழுத்திய கட்டைவிரலின் பள்ளங்கள் வரிசையாகத் தட்டுப்படும். கடைக்கு வரும் குழந்தைகளை நான் விரல் விட்டுப் பார்க்கச் சொல்வதுண்டு. பொம்மை செய்தவரின் விரல் இருந்த இடத்தில் தங்கள் விரல் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் அந்தப் பொம்மையைப் பிடிக்கிற விதமே மாறிவிடும்.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே நடைபாதை முழுக்கப் பொம்மை ஏறிவிடும். காஞ்சிபுரம், பண்ருட்டி, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து சரக்கு வரும். செய்தவர்களிலேயே சிலர் கூடைகளோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் செய்கிறவன் இல்லை. ஊர் ஊராகப் போய் வாங்கி, வைக்கோல் சுற்றிக் கட்டி, கொண்டுவந்து விற்கிறவன். அப்பா உட்கார்ந்த இடத்தில் இப்போது நான் உட்கார்கிறேன்.

தசாவதாரம், அஷ்டலட்சுமி, கல்யாண செட், வளைகாப்பு செட், கிராம செட், பிறகு அரிசியும் பருப்பும் பரப்பி வைத்த செட்டியார் தம்பதி. இவை ஒவ்வொரு வருஷமும் போகும். ஆனால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “இந்த வருஷம் புதுசா என்ன வந்திருக்கு?” 2019-இல் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளினார். ஜூலை முதல் தேதி தொடங்கி ஆகஸ்ட் பாதி வரை தரிசனம். நவராத்திரி செப்டம்பர் கடைசியில் வந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நாளில் அச்சு எடுத்து, சயனக் கோலம் ஒன்று, நின்ற கோலம் ஒன்று என்று அத்திவரதர் பொம்மைகள் வீதியெங்கும் வந்து நின்றன. வரதர் இல்லாத கடைக்குப் போணியே ஆகவில்லை. கைகளால் இவ்வளவு வேகமாகவும் செய்ய முடியும் என்று அப்போது பார்த்தேன். அடுத்த வருஷம் அதே பொம்மைகளில் சிலவற்றில் வண்ணம் செதில் செதிலாக உரிந்ததையும் பார்த்தேன். உள்ளே ஈரம் இருக்கும்போதே பூசிய வண்ணம் அப்படித்தான் உரியும். காய்வதற்கு வேண்டிய நாளை யாராலும் குறைக்க முடியாது.

மதுரையில் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது. வேளார் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பொம்மை செய்கிற ஊர். விநாயகர் சதுர்த்திக்கு விநாயகர், நவராத்திரிக்குக் கொலு, டிசம்பருக்குக் கிறிஸ்துமஸ் குடில் என்று வருஷம் முழுக்க அந்தத் தெருக்களில் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும். குழந்தை ஏசுவையும் மரியாளையும் சூசையப்பரையும் ஆட்டிடையரையும், கிருஷ்ணனையும் கோபியரையும் செய்த அதே கைகள் செய்கின்றன. கிறிஸ்துமஸ் குடில் வாங்குகிறவர்களும் அடியைப் பார்த்தே வாங்கலாம், சோதனை ஒன்றே.

அந்த ஊரில் நான் நெடுநேரம் உட்கார்ந்து பார்க்கிற வேலை கண் எழுதுவது. வண்ணம் எல்லாம் முடிந்து, நகை எழுதி, உதடு எழுதி, பொம்மைகள் கண்ணில்லாமல் வரிசையாக நிற்கும். கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். எனக்குப் பொம்மை தரும் வீட்டில் ஓர் அம்மா மட்டும்தான் கண் எழுதுவார். மகன்களும் மருமகள்களும் மற்ற எல்லா வேலையும் செய்வார்கள். அந்தப் பிரஷை மட்டும் தொட மாட்டார்கள். காலை வெயில் வாசலுக்கு வந்ததும் உட்காருவார். சுண்டுவிரலைப் பொம்மையின் கன்னத்தில் ஊன்றிக்கொள்வார், கை ஆடாமல் இருக்க. முதலில் வெள்ளை. அது காய்ந்ததும் மேல் இமைக்கு ஒரே இழுப்பு. பாதியில் நிறுத்தித் தொடர்ந்தால் கோடு தடித்துவிடும். பிறகு கருவிழி. எல்லாம் முடிந்த பிறகு கருவிழிக்குள் ஊசிமுனை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி விழுந்ததும் அதுவரை மண்ணாக இருந்தது நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

மதியம் தாண்டி ஒருமுறை, “இன்னும் ரெண்டு செட்டு முடிச்சுக் குடுத்துருங்கம்மா, லாரி வந்துரும்” என்று கேட்டேன். பிரஷைக் கழுவி வைத்துவிட்டார். “வெளிச்சம் போன பெறகு கண்ணு எழுதக் கூடாது தம்பி. ஒரு மயிரிழை தள்ளிப்போனா சாமி வேற பக்கம் பாத்துரும். நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போங்க.” மறுநாள்தான் எடுத்தேன். கையால் எழுதிய செட்டில் எந்த இரண்டு பொம்மையின் கண்ணும் ஒன்றுபோல இருக்காது. அஷ்டலட்சுமியில் எட்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டும் அச்சு அசலாக இருந்தால் ஸ்டிக்கரோ, ஸ்டென்சில் வைத்து அடித்த ஸ்ப்ரேயோதான்.

காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ் பொம்மையைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய காகிதத்தை ஊற வைத்து இடித்து, கிழங்கு மாவும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்துப் பிசைந்து அச்சில் எடுக்கிறார்கள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வண்ணம் பூசுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பெண்ணுக்குக் கொலு அனுப்ப வேண்டுமென்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். விமானத்தில் எடை ஏறாது; கீழே விழுந்தாலும் தூளாகாது. ஈரமும் இராமபாணப் பூச்சியும் இதற்கு எதிரி. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுற்றி, நடுவில் வசம்புத் துண்டு போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் போட்டால் உள்ளேயே வியர்த்து, பொம்மை கெட்டுவிடும்.

கொலுக் கடையில் பாதி வியாபாரம் பொம்மையில் இல்லை, வைத்துக் கொடுக்கும் சாமானில்தான். கொலு பார்க்க வருகிறவர்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு ஏதாவது ஒன்று வைத்துக் கொடுக்க வேண்டும். ஒன்பது நாளும் ஆள் வருகிற வீட்டில் அது பெரிய கணக்கு. “ஏம்ப்பா, அம்பது பேருக்கு வெச்சுக் கொடுக்கணும், மலிவா என்ன இருக்கு?” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். மலிவாகப் பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது, எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. அவை அடுத்த வீட்டுக் கொலுவுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், திறக்காமலே ஊர் சுற்றும். “மாமி, அம்பது பேருக்கும் ஒரே சாமான் வேண்டாம். அடிக்கடி வர்றவங்களுக்கு ஒண்ணு, வருஷத்துக்கு ஒருதரம் வர்றவங்களுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக்குங்க” என்று சொல்லி, கையால் செய்த சாமான் இருக்கும் பக்கம் கூட்டிப்போவேன்.

அங்கே முதலில் நான் எடுத்துக் கொடுப்பது ஏட்டிகொப்பாக்கா குங்குமச் சிமிழ். ஆந்திராவில் அனகாப்பள்ளி மாவட்டத்தில், வராகா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. நம் ஊரில் வெட்பாலை என்று சொல்லும் மரத்தின் மென்மையான கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, அதன் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகிக் கட்டையில் ஏறிக்கொள்ளும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும். பிரஷ் என்ற பேச்சே கிடையாது. அதனால் சிமிழைச் சுற்றி வண்ணம் வளையம் வளையமாக ஓடியிருக்கும். பிரஷ் இழுத்த கோடு எங்கும் தெரியாது. மூடியின் விளிம்பை நகத்தால் சுரண்டினால் பெயின்ட் பொருக்காகப் பெயரும், அரக்கு பெயராது. வாங்கும் முன் கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு ஒரு மூடியில் மட்டும் சுரண்டிப் பாருங்கள். பட்டை, காய், வேர் எடுத்து அந்த ஊரில் இயற்கைச் சாயத்தை மீட்டெடுத்த சி.வி. ராஜுவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலும் இதே மரம், இதே அரக்கு வேலை. மூடியைத் திருகித் திறக்கும்போது வழுக்கிக்கொண்டு, ஆனால் தளராமல் வருகிறதே, அதற்காகவே வாங்கலாம்.

அடுத்தது ஓலைக் கொட்டான். நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் கொட்டான் இல்லாமல் பலகாரம் பரிமாறிக்கொள்ள மாட்டார்கள். பனங்குருத்தோலையைக் கீறிச் சாயம் ஏற்றி முடைவது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. தூத்துக்குடிப் பக்கம் மணப்பாட்டிலும் பெண்கள் ஓலைப் பெட்டிகள் முடைகிறார்கள். வாங்கும்போது ஈரக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் உள்ளே வைக்கிற அப்பத்திலும் இறங்கும். மோந்தும் பாருங்கள். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். குருத்தோலையின் விளிம்பு மடக்கினால் வளையும். முற்றிய ஓலை உடையும்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைச் சொல்லாமல் விட முடியாது. அடிப்பாகம் கனத்த மண், மேலே லேசான காகிதக்கூழ். எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நின்றுகொள்ளும். மேசையில் வைத்து ஒரு பக்கமாகப் படுக்க வைத்து விடுங்கள். நிதானமாக ஆடி ஆடி நடுவில் வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றால் அடி சரியாக அமையவில்லை, வேறொன்று கேளுங்கள். இப்போது பிளாஸ்டிக்கிலும் வருகிறது, அதுவும் எழுந்து நிற்கிறது, விலை குறைவு. குழந்தை இருக்கிற வீட்டுக்கு அதைக் கொடுப்பதில் தப்பில்லை. தஞ்சாவூர்ப் பொம்மை என்று நினைத்து அதை வாங்கிப் போவதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பேரம் பேசலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் உண்டு. என்னிடம் பேசுங்கள். நான் வியாபாரி, உடைசல், வாடகை, லாரி எல்லாம் கூட்டித்தான் விலை சொல்கிறேன். அம்பது சிமிழ் எடுத்தால் குறைக்க எனக்கு இடம் இருக்கிறது. ஆனால் செய்தவரே கூடையோடு உட்கார்ந்திருந்தால் அவரிடம் பேரம் பேசாதீர்கள். செய்தவரா, வாங்கி விற்கிறவரா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. நகக்கண்ணைப் பாருங்கள், வண்ணம் ஏறியிருக்கும். “மண் எந்த ஊர் மண்?” என்று கேளுங்கள். செய்தவர் கண்மாய் பேரைச் சொல்லி, அள்ளுவதற்கு அனுமதி வாங்க இந்த வருஷம் எவ்வளவு அலைந்தார் என்பதுவரை சொல்வார். மத்திய அரசு கொடுக்கும் கைவினைஞர் அடையாள அட்டையும் பலரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள். விலை எவ்வளவு நியாயம் என்று தெரியாதவர்கள் முதலில் அண்ணா சாலைப் பூம்புகாரில் ஒரு சுற்று போய்வரலாம். 1973-இல் தமிழக அரசு தொடங்கிய கழகம். கொலுச் சமயத்தில் கண்காட்சி வைப்பார்கள். அங்கே விலை எழுதியிருக்கும், ஊர் பேரும் எழுதியிருக்கும். அதைப் பார்த்த கண்ணோடு மாட வீதிக்கு வந்தால் ஏமாற மாட்டீர்கள்.

இவ்வளவும் வாங்குகிற நேரத்துப் பேச்சு. ஆனால் பொம்மை நன்றாக இருக்குமா இல்லையா என்பது புரட்டாசியில் முடிவாவதில்லை. கண்மாய் வற்றும் மாதங்களில் மண் எடுக்க வேண்டும். புளிக்க வைத்து மிதித்து, கல் பொறுக்கி, அச்சில் எடுத்து, நிழலில் காயப் போட்டு, பிறகு வெயிலில் காட்டி, சூளை போட வேண்டும். விறகு வாங்க வேண்டும், வண்ணம் வாங்க வேண்டும், ஆள் கூலி கொடுக்க வேண்டும். இதெல்லாம் பங்குனி, சித்திரை தொடங்கி ஆடி வரை. காசு வருவது புரட்டாசியில். நடுவில் இருக்கிற மாதங்களுக்கு அவர்கள் வட்டிக்கு வாங்குகிறார்கள். வட்டி ஏற ஏற விறகு குறையும், சூளை ஒருநாள் முன்னால் பிரிக்கப்படும், களிமண் செய்ய வேண்டிய இடத்தில் பிளாஸ்டர் வரும். பிளாஸ்டருக்குச் சூளை வேண்டாம், கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும், போட்ட காசு சீக்கிரம் திரும்பும். களிமண் ஏன் குறைந்துபோயிற்று என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

பஞ்சாங்கமும் கூடச் சேர்ந்துகொள்கிறது. 2023-இல் நவராத்திரி அக்டோபர் 15-இல் தொடங்கியது. 2025-இல் செப்டம்பர் நாலாம் வாரத்திலேயே வந்துவிட்டது. செய்கிறவர்களுக்கு மூன்று வார வெயில் போயிற்று. விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் நடுவே வழக்கமாக ஒரு மாதம்கூட இருக்காது. ஆள் எல்லாம் விநாயகரில் இருக்கும்போது கொலுப் பொம்மைக்குக் கண் எழுத யார் இருக்கிறார்கள்? 2020-இல் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் என்று ஒரு மாதம் கூடுதலாக வந்து, மகாளய அமாவாசைக்கு ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 17-இல் நவராத்திரி தொடங்கியது. நாள் நிறைய இருந்தது, வாங்க ஆள் இல்லை. கொரோனா வருஷம். பொது இடத்தில் விநாயகர் சிலை வைக்க அரசு தடை போட்டிருந்தது. அந்த வருமானமும் போயிற்று. மாட வீதியில் கடைகள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தன.

அந்த வருஷம் எனக்குப் பொம்மை தந்த வீடு தாக்குப்பிடித்தது முன்பணத்தால். ஊரடங்குக்கு முன்பே மாசியில் சில வாடிக்கையாளர்கள் என்னிடம் செட் சொல்லி அச்சாரம் கொடுத்திருந்தார்கள். நான் அதை அப்படியே விளாச்சேரிக்கு அனுப்பியிருந்தேன். ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. “அடுத்த வருஷம் கொலு வைக்கும்போது எடுத்துக்கிறோம், அவங்க செஞ்சு வைக்கட்டும்” என்றார்கள். அந்த அம்மா வேலையை நிறுத்தவில்லை. அவசரம் இல்லாமல், நன்றாகக் காய்ந்த மண்ணில், காலை வெளிச்சத்தில் எழுதிய அந்தத் தசாவதார செட்கள் என் கடையில் இதுவரை வந்ததிலேயே நேர்த்தியானவை. நரசிம்மரின் கண்ணில் கோபமும் பிரகலாதன் மேல் இருக்கும் பரிவும் சேர்ந்தே தெரியும். ஒரு செட்டை நான் விற்கவில்லை. என் வீட்டுக் கொலுவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் வியாபாரத்தை மாற்றிக்கொண்டேன். விஜயதசமி முடிந்து பொம்மைகளைக் கட்டும் வாரத்தில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சுற்று போன் போடுகிறேன். எந்த செட்டில் எது உடைந்தது, அடுத்த வருஷம் என்ன வேண்டும், எத்தனை பேருக்கு வைத்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். தைக்குள் பாதி விலை கொடுப்பவர்களுக்குச் செய்பவரின் பேரைச் சொல்கிறேன். விருப்பப்பட்டால் ஊருக்குக் கூட்டிப்போகிறேன். சிலர் கண் எழுதுவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் அதன் பிறகு விலை பேசுவதே இல்லை.

நீங்கள் என்னிடம் வாங்க வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர்ச் சந்தையில், கோயில் வாசலில், கிறிஸ்துமஸ் கடையில் யாரிடம் வாங்கினாலும் சரி. பிடித்த பொம்மையையோ சிமிழையோ கொட்டானையோ செய்தது யார் என்று கேட்டு, அவர் போன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் கொலுவை எடுத்துக் கட்டும்போதே அடுத்த வருஷத்துக்கு வேண்டியதைச் சொல்லி, பங்குனிக்குள் முடிந்த அச்சாரத்தை அனுப்பிவிடுங்கள். விறகு வாங்குகிற மாதத்தில் அந்தக் காசு அவர்கள் கையில் இருக்க வேண்டும்.